வாய் இரண்டு என்றது, கை ஒன்றில் இருந்தது

மூன்று நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

தினமும் காலையில் நெய்வேலி டவுன்ஷிப் சாலையில் என்னோடு நடக்க வருபவர் செல்வராசு. சுரங்கத்தில் நிலக்கரியை ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். திங்கட்கிழமை அவர் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இத்தப் பாருப்பா. இனிமே ஏரோப்பிளேன ஒரே ஆளு ஓட்டுவாராமே? நெசமா?"

வாங்கிப் படித்தேன். உண்மைதான். முதலில், நடுவானத்தில் பறக்கும்போது மட்டும் ஒரு பைலட் விழித்திருந்தால் போதும், இன்னொருவர் படுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அது பழகியதும் இன்னொருவர் ஏறவே வேண்டாமாம். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். பேட்டி கொடுத்திருந்த ஆள் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க பெல்ட்டுல ஒரு ரோலர் மாத்தணும்னாலே பெர்மிட் வாங்கணும்" என்றார் செல்வராசு. "என் கையெழுத்து ஒண்ணு, கன்ட்ரோல் ரூம்ல ஒண்ணு. ரெண்டும் இல்லாம எவனும் கை வெக்க மாட்டான். தரையில கெடக்குற பெல்ட்டுக்கே ரெண்டு பேருன்னா, மேல போறதுக்கு ஒருத்தரா? என்னா நியாயம் இது?"

அன்று மாலையே ஷமீனா போன் செய்தார். என்னோடு துணை விமானியாகப் பறந்தவர், இப்போது கேப்டன். இந்தப் புதிய யோசனையை எதிர்த்து பைலட்டுகள் சேர்ந்து ஒரு மனு கொடுக்கப் போகிறார்களாம். அதோடு வைக்க, பழைய ஆட்களிடம் அனுபவம் கேட்டு வாங்குகிறார்களாம்.

"நம்ம திருச்சி மேட்டர எழுதுங்க சார். ஆனா நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க" என்றார்.

அந்தக் கடைசி வரியின் அர்த்தம் எனக்குத் தெரியும். எனவே மறைக்காமல் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

என் கதை பெரிய கதை இல்லை. அப்பாவும் சுரங்கத்தில்தான் இருந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, டவுன்ஷிப் பள்ளியில் படித்து, ஒரு உதவித்தொகையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போய்ப் பறக்கக் கற்றேன். சின்ன விமானம், பெரிய விமானம், துணை விமானி, கேப்டன் என்று வரிசையாக வந்தேன். கடைசிப் பத்து வருஷம் மற்ற பைலட்டுகளைச் சோதித்துப் பாஸ் போடும் தேர்வாளராகவும் இருந்தேன். தேர்வாளர் என்றால் கம்பெனியில் ஒரு மரியாதை உண்டு. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அதை ரசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. நாங்கள் ஓட்டிய விமானத்துக்கு இரண்டு என்ஜின். விமானிகள் இருவருக்கும் நடுவே அவற்றை நிறுத்துகிற சுவிட்சுகள் இரண்டு, கிட்டத்தட்ட ஒட்டினாற்போல இருக்கும். இடது என்ஜினுடையது ஒன்றாம் எண், வலது என்ஜினுடையது இரண்டாம் எண். என்ஜின் கெட்டுப்போனால் கெட்டதை நிறுத்த வேண்டும். அவசரத்தில் நல்லதை நிறுத்திவிட்டால் மேலே எதுவும் மிஞ்சாது. உலகத்தில் அப்படி நடந்திருக்கிறது. அதனால் எவ்வளவு பெரிய கேப்டனாக இருந்தாலும் தனியாக அந்தச் சுவிட்சை இழுக்கக் கூடாது. ஒருவர் விரலை அதன்மேல் வைத்து, எண்ணைச் சொல்லி, "கன்ஃபர்ம்?" என்று கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் அந்த விரலைக் கண்ணால் பார்த்து "கன்ஃபர்ம்ட்" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் இழுக்கலாம். மொத்தம் நான்கு வினாடி வேலை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்னும் பொம்மை விமான அறையில் எல்லோரும் இதைச் செய்து காட்ட வேண்டும். இங்கேதான் எங்கள் கம்பெனியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். சோதனைகளை வேகமாக முடிப்பதற்காக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் என்ஜின் கெடும். எப்போதும் இடது என்ஜின்தான் கெடும். அதை மாற்ற வேண்டுமென்றால் ஏழெட்டுப் பக்கம் உள்ளே போக வேண்டும். யாருக்குப் பொறுமை? அந்த மாதம் மட்டும் நான் பதினைந்து பேரைச் சோதித்தேன். பாதிப் பேருக்கு ஜோடிக் கேப்டன் கிடைக்காமல் இடது இருக்கையில் நானே உட்கார்ந்தேன். ஒன்றாம் சுவிட்சு, கன்ஃபர்ம்? ஒன்றாம் சுவிட்சு, கன்ஃபர்ம்? என் கைக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இது தப்பு என்று ஒரு தேர்வாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இனி அந்த நாள். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு, மதியச் சர்வீஸ். துணை விமானி ஷமீனா. நெய்வேலிக்குப் பக்கத்துப் பண்ருட்டிக்காரர். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே முந்திரிக் கடை. முதல் தடவை ஒன்றாகப் பறந்தபோது ஊர் பேர் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷம் துணை விமானியாக இருந்து, அடுத்த மாதம் கேப்டனுக்கான தேர்வுக்குப் போக வேண்டியவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

அன்றைக்கு விமானத்தை ஓட்டியது அவர். ரேடியோவும் கருவிகளும் என் பொறுப்பு. சென்னையில் இடி மழை. விமானங்களை வரிசையில் சுற்றவிட்டிருந்தார்கள். எங்களை நெய்வேலிக்கு மேலே சுற்றச் சொன்னார்கள். மேக இடுக்கில் அனல்மின் நிலையத்தின் வெள்ளைப் புகை தெரிந்தது. "கீழ எங்க ப்ளாக் தெரியுதா பாரும்மா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலப் பக்கம் லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். விமானம் முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. மூக்கு வலப் பக்கம் இழுத்தது. ஷமீனா இடது காலை அழுத்தி நேராகப் பிடித்தார். இரண்டாம் என்ஜினின் வெப்பம் சிவப்பில் ஏறியது. திரையில் எச்சரிக்கை வந்தது. நான் வாசித்தேன். அவர் இரண்டாம் என்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைத் தொட்டுக் கேட்டார், நான் பார்த்துச் சரி என்றேன், பின்னால் இழுத்தார். எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே நடந்தது.

அடுத்தது என் வேலை. சுவிட்சு.

"என்ஜின் சுவிட்ச் இரண்டு. கன்ஃபர்ம்?" என்றேன்.

"நோ" என்றார் ஷமீனா.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு நேரமாகத் திரையில் இரண்டு என்று எரிகிறது, இவர் என்ன நோ என்கிறார் என்று தோன்றியது. ஆட்டத்தில் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இரண்டு. கன்ஃபர்ம் பண்ணும்மா" என்றேன், சத்தமாக. விரல் சுவிட்சைப் பற்றிவிட்டது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தார் என்றால், நகம் பதிகிற மாதிரி.

"சார், அது ஒண்ணு. கைய எடுங்க."

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் ஒன்றாம் சுவிட்சில் இருந்தன. வாய் இரண்டு என்று சொல்லிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குப் பதினைந்து பேரோடு செய்த வேலையைச் செய்யப் போயிருக்கிறது. அவர் பிடிக்காமல் இருந்தால் இழுத்திருப்பேன். இருந்த ஒரே நல்ல என்ஜினை நிறுத்தியிருப்பேன். மறுபடி அதைக் கிளப்ப முடிந்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம். பின்னால் நூற்றைம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கையை எடுத்தேன். இரண்டில் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்து "கன்ஃபர்ம்ட்" என்றார். இழுத்தேன். ஆட்டம் நின்றது. ஷமீனா உடனே அடுத்ததைச் சொன்னார்.

"சென்னை வேணாம் சார். மழையில வரிசையில நிக்கணும், ஒரு என்ஜின வெச்சுகினு அங்க போய் மாட்டக் கூடாது. திருச்சி வெயிலா இருக்கு. ரன்வேயும் போதும்."

சரி என்றேன். ஆபத்து அழைப்பு கொடுத்தேன், விமானப் பணிப்பெண்களிடம் பேசினேன், பயணிகளுக்கு அறிவித்தேன். திருச்சி நெருங்கியதும் வழக்கப்படி கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கவில்லை. "நீயே இறக்கும்மா" என்றேன். இறக்கினார். நல்ல நாளில் இரண்டு என்ஜினோடு நான் இறக்குவதைவிடப் பதமாக இறக்கினார்.

பயணிகள் கை தட்டினார்கள். ஒரு அம்மா இறங்கும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அந்தக் குழப்பத்தில் இன்னொரு தவறு செய்தேன். விமானி அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. கடைசி இரண்டு மணி நேரம்தான் அதில் நிற்கும். இப்படி ஏதாவது நடந்தால் தரை தொட்டதும் அதன் மின்சாரத்தைத் துண்டித்துப் பதிவைக் காப்பாற்ற வேண்டியது கேப்டன் கடமை. மறந்துவிட்டேன். மெக்கானிக்குகள் சாயங்காலம்வரை மின்சாரத்தைப் போட்டே வைத்திருந்தார்கள். நாங்கள் பேசியது முழுக்க அழிந்துவிட்டது. இழுக்காத சுவிட்சுக்கு வேறெந்தக் கருவியிலும் தடயம் இருக்காது. ஆக, நடந்ததற்குச் சாட்சி நாங்கள் இருவர் மட்டும்தான்.

மறுநாள் பத்திரிகையில் என் படம். கேப்டனின் சமயோசிதம் என்று தலைப்பு. ஷமீனாவின் பெயரே இல்லை. கம்பெனி அதைப் பெரிதாக அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டியது.

நான் அறிக்கை எழுதினேன். உள்ளதை உள்ளபடியே எழுதினேன். இந்த வாக்கியத்தை இன்றும் சொல்வேன்: "என் கை தவறான சுவிட்சில் இருந்ததால் துணை விமானி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்." மூன்றாம் நாள் எங்கள் மேலதிகாரி கோபிநாத் கூப்பிட்டு அனுப்பினார்.

கோபிநாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. உள்ளே போனால் எழுந்து நிற்பார், காபி சொல்வார், வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். நம் காகிதத்தை எடுத்து மேஜை விளிம்புக்கு நேராக வைப்பார். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். எழுத மாட்டார், திருத்த மாட்டார், புள்ளி மட்டும்தான். புள்ளி வைத்த இடத்தை நாமே புரிந்துகொண்டு நாமே மாற்றி எழுதிக்கொண்டு வர வேண்டும். பிற்பாடு ஏதாவது வந்தால் அவர் கையெழுத்தில் ஒன்றுமே இருக்காது. இருபது வருஷமாக அந்தப் புள்ளிகளைப் பார்த்து எத்தனையோ பேர் எத்தனையோ வாக்கியங்களை விழுங்கியிருக்கிறார்கள்.

என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார்.

"இது தேவையா கேப்டன்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. ஒரு தேர்வாளரே இப்படிப் பண்ணாருன்னா, நீங்க பாஸ் போட்ட அத்தனை பேரையும் சந்தேகப்படுவாங்க. யோசிங்க."

"நடந்ததத்தான எழுதியிருக்கேன் சார்."

"சரி. உங்க இஷ்டம்" என்றார் புன்னகையோடு. காபியைக் குடிக்கச் சொன்னார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வெளியே வந்தேன். எவ்வளவு பெரிய மடையன். ஒரு வாரத்தில் ஷமீனாவுக்கு ஓலை வந்தது. "ஆபத்து நேரத்தில் துணை விமானி கேப்டனின் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்ததாகக் கேப்டனின் அறிக்கையிலிருந்து தெரியவருகிறது." என் வாக்கியம்தான். முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை வைத்துக்கொண்டார்கள். அவர் பறப்பதற்குத் தடை. கேப்டன் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். செய்தது தவறு என்று மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடி பரிசீலிப்பார்களாம். இப்போது இதை எழுதும்போதுகூட எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நூற்றைம்பது பேரைக் காப்பாற்றிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள்.

ஷமீனா பண்ருட்டியிலிருந்து போன் செய்தார்.

"அத்தா கையெழுத்து போட்டுட்டு வான்றாங்க சார். பத்து வருஷ உழைப்பு, ஒரு காயிதத்துக்காக விடாதன்றாங்க. நீங்க சொல்லுங்க. போடட்டுமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது இதுதான்: "போட்டுடும்மா. கேப்டன் ஆனப்பறம் பாத்துக்கலாம். இவங்ககிட்ட மோத முடியாது."

"சரி சார், வெச்சிடறேன்" என்றார். கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர் போடவில்லை. அவர் பறக்காமல் வீட்டில் இருக்க, நானோ சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டு, தேர்வாளராகப் பழையபடி சிமுலேட்டருக்குப் போய்வந்தேன்.

ஒரு நாள் அங்கே இடது இருக்கையில் உட்கார வேண்டி வந்தது. பின்னால் இன்னொரு பயிற்சியாளர் இருந்தார். அவரிடம் வலது என்ஜினைக் கெடுக்கச் சொன்னேன். வலப் பக்கம் ஒரு இளைஞர், கெட்டிக்காரர். நான் வேண்டுமென்றே விரலை ஒன்றாம் சுவிட்சில் வைத்தேன். "சுவிட்ச் இரண்டு. கன்ஃபர்ம்?" என்றேன்.

"கன்ஃபர்ம்ட் சார்" என்றார்.

பார்க்காமல் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் இன்னொருவரிடம் செய்தேன். "கன்ஃபர்ம்ட்." மூன்றாவது ஆள் என் விரலைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் கண் அங்கே நின்றதை நானும் பார்த்தேன். அப்படியிருந்தும் "கன்ஃபர்ம்ட் சார்" என்றார்.

சோதனையை நிறுத்திவிட்டு அவரை வெளியே கூட்டிவந்தேன்.

"என் கை எதுல இருந்துச்சு?"

"ஒண்ணுல சார்."

"அப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"ஷமீனா மேடத்துக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க ஏதோ காரணமாத்தான் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஒரு பெண்ணைத் தரையில் உட்கார வைத்ததன் மூலம் கம்பெனி அத்தனை துணை விமானிகளுக்கும் ஒரே பாடம் நடத்திவிட்டது: கேப்டன் தப்புப் பண்ணி உன்னையே கொன்றாலும் மரியாதையாக இரு. அந்தப் பாடத்துக்கு என் அறிக்கையும் என் ஆலோசனையும் உடந்தை.

தேர்வாளரிடம் அச்சடித்த படிவங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. நிரப்பினால் ஒரு நகல் கம்பெனிக்கு, ஒரு நகல் நேராக அரசாங்க அலுவலகத்துக்கு. இடையில் யாரும் கிழிக்க முடியாது, ஒரு எண் விடுபட்டது தெரிந்துவிடும். ஒன்றை எடுத்தேன். தேர்வு எழுதுபவர் என்ற இடத்தில் என் பெயர். தேர்வாளர் என்ற இடத்திலும் என் பெயர். விமானத்தின் எண், தேதி, இடம்: நெய்வேலிக்கு மேலே. செயல்பாடு: என்ஜின் நிறுத்தம். குறிப்பு: தவறான சுவிட்சைப் பற்றினார். துணை விமானி மறுத்த பின்பும் வற்புறுத்தினார். துணை விமானி கையைப் பிடித்துத் தடுத்ததால் விபத்து தவிர்க்கப்பட்டது. முடிவு: தேறவில்லை. கீழே இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

தன்னைத் தானே சோதிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. படிவம் செல்லாது. எனக்கும் தெரியும். ஆனால் செல்லாது என்பதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும், ஏன் இப்படி ஒன்று வந்தது என்று கம்பெனியைக் கேட்டாக வேண்டும், கம்பெனி பதில் எழுதியாக வேண்டும். பென்சில் புள்ளி அங்கே உதவாது.

கோபிநாத் போன் செய்தார். முதல் தடவையாக வீட்டில் யாரையும் விசாரிக்கவில்லை. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க கேப்டன்?" என்றார்.

"பெயில் போட்டிருக்கேன் சார். தேறாதவனுக்குப் பெயில் போடறதுக்குத்தான என்ன வெச்சிருக்கீங்க?"

அரசாங்க அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தவறான சுவிட்சில் உங்கள் கை எவ்வளவு நேரம் இருந்தது?

"அவங்க புடிச்சு எடுக்கச் சொல்ற வரைக்கும் இருந்தது ஐயா. நானா எடுக்கல" என்றேன்.

பிறகு ஷமீனாவிடம் திரும்பினார். உங்களைவிட எத்தனையோ மடங்கு பறந்தவர் இரண்டு தடவை சொல்கிறார். ஒரு நொடிகூட நீங்கள் சந்தேகப்படவில்லையா?

"என் இடது காலு அழுத்திகினே இருந்துச்சு சார். ரைட்டு என்ஜின் செத்தாத்தான் இடது கால் அழுத்தணும். எனக்குத் திரையப் பாக்கவே வேணாம். காலுக்கே தெரியும்" என்றார்.

அந்தப் பெரியவர் பேனாவை மூடி வைத்தார். எனக்குத் தேர்வாளர் பதவி போயிற்று, மறுபயிற்சி கொடுத்தார்கள். அது எனக்கு வர வேண்டியது, வந்தது. சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார்கள். சிமுலேட்டரில் இரண்டு என்ஜினையும் மாற்றி மாற்றிக் கெடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஷமீனாவுக்குத் தடை நீங்கியது. எல்லாம் முடிந்தது என்று நான் ஆசுவாசப்பட்டபோது கம்பெனி அவருக்கு அனுப்பிய கடிதம் இப்படி இருந்தது: "தங்கள் செயலைக் கனிவுடன் பரிசீலித்து, இம்முறை மன்னித்து, கேப்டன் தேர்வுக்கு அனுமதிக்கிறோம்."

ஷமீனா அந்தக் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "மன்னித்து" என்பதை எடுத்தால்தான் வாங்குவேன் என்றார். எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் போயிற்று. அவரைவிட இளையவர்கள் கேப்டன் ஆனார்கள். மனசு கேட்காமல் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். கடையில் அவருடைய அத்தா முந்திரித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்களாச்சும் சொல்லுங்க சார். தேர்வுக்கு உடறோம்னு சொல்லிட்டாங்க. ஒரு வார்த்தைக்காக எவனாச்சும் வூட்டுல உக்காந்திருப்பானா?" என்றார்.

ஷமீனா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். கோபமாக இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு வேற யாராச்சும் ஒரு கேப்டன் கையப் புடிக்க வேண்டி வரும் சார். அப்ப இந்த லெட்டர நெனச்சுப்பாங்க. புடிச்சா மன்னிப்பாங்களா, மாட்டாங்களான்னு ஒரு செகண்டு யோசிப்பாங்க. அன்னிக்கு உங்க கை இருந்த எடத்துல, நான் ஒரு செகண்டு யோசிச்சிருந்தா?"

அவருடைய அத்தா தட்டை இன்னொரு தடவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது மாதம் அந்த வார்த்தை இல்லாமல் கடிதம் வந்தது. ஷமீனா கேப்டன் ஆனார். அந்த நான்கு மாதமும் அவருக்குத் துணையாக நின்றேன் என்று இங்கே சிலர் என்னைப் பாராட்டிப் பேசுகிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிப் பேச வேண்டாம். அவர் என்னைக் கேட்டபோது, கையெழுத்துப் போடு என்று சொன்ன ஆள் நான்.